யார் போட்ட பென்சில் கோடு

என் வரைபடக் கணக்குப் புத்தகத்தை வீட்டில் யாரோ தொடுகிறார்கள் என்ற சந்தேகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம், அதாவது பத்தாம் வகுப்பு, படிக்கும் பெண் நான். பள்ளி பஸ் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. முதல் நாள் செய்த வீட்டுப்பாடத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். நான் பேனாவில் எழுதியிருந்த விடைக்குப் பக்கத்தில், மிக மெல்லிய பென்சிலில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது.

"அந்த 0.8 சட்டையை யார் போட்டுக்கொள்வது?"

விஷயம் இதுதான். கணக்கு டீச்சர் புதிதாக ஒரு பாடம் ஆரம்பித்திருந்தார். தமிழில் அதற்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. எங்களுக்கு எல்லாமே மலாய். 'பெங்காத்துர்சாராஆன் லினெயர்' என்று பலகையில் எழுதிப்போட்டார். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடமும் மலாய் பழகப் புகுமுக வகுப்பில் ஒரு வருடமும் இருந்துவிட்டு வந்த என் நாக்கு அதைச் சொல்லிப் பழகவே இரண்டு நாள் ஆனது.

வீட்டுப்பாடத்தில் ஒரு தையல்காரர் வந்தார். அவரிடம் நாற்பது மீட்டர் துணி. ஒரு சட்டைக்கு இரண்டு மீட்டர், ஒரு பாவாடைக்கு ஒரு மீட்டர். சட்டை தைக்க ஒரு மணி நேரம், மடிப்பு வைத்த பாவாடைக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் நாற்பத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் அவர் வேலை செய்ய மாட்டார். பாவாடைகளின் எண்ணிக்கை சட்டைகளைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஏன் தாண்டக் கூடாது என்று புத்தகம் சொல்லவில்லை. அதிகபட்சம் எத்தனை உடுப்பு தைக்கலாம்? ஒவ்வொரு நிபந்தனைக்கும் கட்டத்தாளில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் எந்தப் பக்கம் நமக்கு ஆகும் என்று பார்த்து அந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கோடுகளுக்கும் சம்மதமான ஒரு மூலை நிலம் மிஞ்சும். அதற்குள்தான் விடை இருக்கும்.

பக்கம் கண்டுபிடிக்க டீச்சர் ஒரு வழி சொல்லியிருந்தார். பூச்சியம், பூச்சியம் என்ற புள்ளியை வைத்துப் பார். பொருந்தினால் அந்தப் புள்ளி இருக்கும் பக்கம், பொருந்தாவிட்டால் மறுபக்கம். துணிக்கும் நேரத்துக்கும் அது ஒழுங்காக வேலை செய்தது. பாவாடைக் கோட்டில் மட்டும் என்னமோ குழப்பமாக இருந்தது. மனம் போன பக்கத்தை எடுத்துக்கொண்டேன். கடைசியில் எட்டுப் புள்ளி எட்டு சட்டை, பதினேழு புள்ளி ஆறு பாவாடை என்று வந்தது. அடியில் இரண்டு கோடு போட்டு மூடி வைத்துவிட்டேன்.

பாவாடைக் கோட்டின் அருகிலும் பென்சில் எழுத்து இருந்தது. "இந்தக் கோடு (0,0) வழியாகவே போகிறது. அதனால் (0,0) உதவாது. (1,0) வைத்துப் பார்." விடை எங்கும் இல்லை. ஒரு சின்ன அம்பு மட்டும் நான் ஒதுக்கிய பக்கத்தைக் காட்டியது.

யார் எழுதியது என்று யோசிக்க நேரமில்லை. பஸ்ஸில் மடியில் வைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். பன்னிரண்டு சட்டை, பதினாறு பாவாடை என்று அழகாக முழு எண்ணில் வந்தது. பென்சிலை ரப்பரால் அழித்துவிட்டுக் கொடுத்தேன்.

எங்கள் டீச்சர் மெலிந்த சீனப் பெண்மணி. கோபம் வந்தால் குரல் இறங்கும். புதன்கிழமை என் புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது சரிக் குறிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கேள்விக் குறி இருந்தது. என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார்.

"ஏன் (1,0) எடுத்தாய்? நான் அதை இன்னும் சொல்லித் தரவில்லையே" என்று மலாயில் கேட்டார்.

"சாஜா, டீச்சர்" என்றேன். சும்மாதான் என்று அர்த்தம். வகுப்பு சிரித்தது.

"சியாப்பா புவாட்? யார் செய்தது?" அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்டில் யாரோ செய்து தருகிறார்கள். நல்லது. பரீட்சை மண்டபத்துக்கும் அவரையே கூட்டிக்கொண்டு வா."

அன்றே என்னை முதல் வரிசையில் தனி மேசைக்கு மாற்றினார். என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதைவிட, யாருக்காகச் சந்தேகப்படுகிறார்கள் என்று எனக்கே தெரியாததுதான் பெரிய அவமானமாக இருந்தது.

வீட்டில் என்னைத் தவிர நான்கு பேர். அப்பா துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. தினமும் ஆங்கிலப் பத்திரிகை படிப்பார். முதல் சந்தேகம் அவர் மேல்தான். சாயங்காலம் அவர் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தபோது, "அப்பா, எக்ஸ், வைன்னா என்னாப்பா?" என்று கேட்டேன். "எக்ஸ்ரேவா? யாருக்கு என்னா?" என்று பதறிப்போய்ப் பத்திரிகையைக் கீழே இறக்கினார். அவரை விட்டுவிட்டேன்.

அம்மா தமிழ்ப் பள்ளியில் மூன்று வருடம். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது 'சேல்' என்ற ஒரே சொல்.

அண்ணன் பஸ் கம்பெனி டிப்போவில் மெக்கானிக். மூன்றாம் படிவத் தேர்வில் கணக்கில் விழுந்து பள்ளியை விட்டவர். எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அவர் விரல் பட்ட இடத்தில் கருப்பு ரேகை விழும். எங்கள் வீட்டு விளக்கு சுவிட்சே அதற்குச் சாட்சி. என் புத்தகத்தில் அப்படி ஒரு ரேகை இல்லை.

மிஞ்சியது அண்ணி. ஆறு மாதத்துக்கு முன்தான் கோலாலம்பூர்ப் பக்கம் செந்தூலிலிருந்து கல்யாணமாகி வந்திருந்தார். அவருடைய அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அண்ணியும் மூன்றாம் படிவம்தான் என்று பிரிக்பீல்ட்ஸ் தரகர் சொல்லியிருந்தார். அப்படித்தான் பெண் வேண்டும் என்று அம்மாவே கேட்டிருந்தார். அதற்கு முன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெண்ணைப் பார்த்தோம், தற்காலிக ஆசிரியை. மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் வராதாமே என்று அந்த வீட்டில் யாரோ கேட்டது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த எல்லாத் தரகரிடமும், "எங்க பையனுக்கு மேல படிச்ச பொண்ணு வேணாங்க" என்பதுதான் முதல் பேச்சு.

அதனால் அண்ணியையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் பென்சில் எழுத்து நிற்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு முறை வந்தது. இம்முறை நான் அழிக்கவில்லை. பொறி வைத்தேன். பக்கங்களுக்கு நடுவில் என் தலைமுடி ஒன்றை வைத்தேன், காணாமல் போனது. அட்டையில் முகப் பவுடர் தூவினேன். யாரோ சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் தூள் பட்ட விரல் அடையாளம் கிடைத்தது. வீட்டில் மஞ்சளைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. இன்னொருவருக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அண்ணியைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். வாழைப்பழம் சுற்றி வந்த காகிதத்தை ஏன் உடனே குப்பையில் போடாமல் நீவி வைக்கிறார்? நான் கோடு போடும்போது மட்டும் ஏன் மேசையைத் துடைக்க வருகிறார்? ஒருநாள் நான் அளவுகோலைத் தப்பான பக்கம் வைத்தபோது, பின்னால் நின்றிருந்தவர் நாக்கால் 'ச்' கொட்டினார். திரும்பிப் பார்த்தேன். "பல்லி" என்றார்.

வியாழக்கிழமை பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் 'மறந்து' வைத்துவிட்டுப் போனேன். பயிற்சிக்குப் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் பின்பக்கச் சந்து வழியாக வந்து சமையலறைச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே பார்த்தேன். அம்மா தூங்கும் நேரம். அண்ணி மேசையில் உட்கார்ந்திருந்தார். கையில் பென்சில். என் கணக்கை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். உதடு அசைந்தது. அளவுகோலைக் கட்டத்தாளில் வைத்து, கோணம் மாறாமல் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போனார். கடைசி மூலையில் அளவுகோல் வந்து நின்றதும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் அதுவரை எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது சந்தேகம்தான். இதை மறைத்தவர் வேறு என்ன மறைத்திருக்கிறார்? உள்ளபடி சொன்னால் இன்னொன்றும் இருந்தது. அண்ணி வருவதற்கு முன் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளின் பின் சீட்டு என்னுடையது. வந்த நாளிலிருந்து நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அண்ணியும் அம்மாவும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது அவர் கொண்டு வந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். பூட்டு இல்லை. பட்டுச் சேலைக்கு அடியில் பழுப்பு உறை ஒன்று இருந்தது. உள்ளே ஐந்தாம் படிவச் சான்றிதழ், ஆங்கிலத்தில். அண்ணியின் பெயர். முதல் நிலைத் தேர்ச்சி. கணக்கில் ஏ-ஒன்.

அதை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் எடுத்து வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கோழிக்கறி. அண்ணி ரசம் எடுக்கச் சமையலறைக்குள் போனார். நான் சான்றிதழை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னா இது?" அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடம் பாடமாக, மதிப்பெண் மதிப்பெண்ணாக, ஆங்கிலத்திலேயே உரக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "ஒம் மருமக ஃபார்ம் ஃபைவ் பாஸு. பாஸுன்னா சும்மா பாஸ் இல்ல."

"ஃபார்ம் திரீன்னு தரகர் சொன்னாரே?"

"அதான் இதுல எழுதியிருக்கு பாரு."

ரசப் பாத்திரத்துடன் அண்ணி வாசலில் நின்றிருந்தார். அண்ணன் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. அண்ணியையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அத்தை, எங்க அப்பாதான் தரகர்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னாரு. அதிகமா படிச்சிருக்குன்னு மூனு இடம் வந்துட்டு வேணாம்னு போயிட்டாங்க. எனக்குப் பிறகு ரெண்டு தங்கச்சி இருக்கு…"

"இதையே மறைச்சவ இன்னும் என்னென்ன மறைச்சிருக்காளோ" என்றார் அம்மா. அண்ணியிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். "நாளைக்கு எம் புள்ளய மதிப்பாளா இவ?"

சான்றிதழின் மூலையில் குழம்பு பட்டிருந்தது. அண்ணி எடுத்துத் துணியால் ஒற்றினார். கறை முழுசாகப் போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் டிப்போவுக்குப் போன பிறகு, அண்ணி ஒரு பையுடன் கூடத்துக்கு வந்தார். "ரெண்டு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வரேன் அத்தை."

அம்மா, "ம்" என்றார்.

இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. நான்கு நாள் ஒரு வாரமாயிற்று. ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்தவள் என்று அண்ணன் என்னைப் பாராட்டுவார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் என்னிடம் பேசுவதையே நிறுத்தினார். ஏமாற்றப்பட்டவருக்கு ஏமாற்றியவர் மேல் அல்லவா கோபம் வர வேண்டும்? இதிலும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

மேசையில் என் புத்தகம் கிடந்தது. காலையில் ஆசையாகத் திறப்பேன். நான் எழுதியது மட்டும்தான் இருக்கும். தப்பு இருந்தால் தப்பாகவே இருக்கும். நான் அழிக்காமல் விட்ட பழைய பென்சில் எழுத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, பாவாடைக் கோட்டை மறுபடி போட்டுப் பார்க்கும்போது சட்டென்று புரிந்தது. கோடு (0,0) மேலேயே போகிறது. கோட்டின் மேல் நிற்கும் புள்ளியிடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் அது என்ன சொல்லும்? கோட்டை விட்டுத் தள்ளி நிற்கும் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். அதற்குத்தான் (1,0). யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் இதைக் கேட்டால் சந்தோஷப்படக்கூடிய ஒரே ஆள் செந்தூலில் இருந்தார்.

மறுநாள் நானே கையைத் தூக்கிப் பலகைக்குப் போனேன். கோடு போட்டு, காரணம் சொல்லி, அளவுகோலைத் தள்ளிக் காட்டினேன். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"யார் சொல்லித் தந்தது?"

"என் அண்ணி, டீச்சர்."

"என்ன வேலை செய்கிறார்?"

"வேலை இல்லை. வீட்டில்தான் இருக்கிறார்." இப்போது வீட்டிலும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

"சாயாங்" என்றார் டீச்சர். மலாயில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்றும் பொருள். அடடா, வீணாகிறதே என்றும் பொருள். நான் முதல் பொருளை எடுத்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பினேன்.

பன்னிரண்டாம் நாள் பின்பக்க வேலியோரம் அம்மா பக்கத்து வீட்டு ஆன்டியிடம் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. மருமகளை எங்கே காணோம் என்று அந்த ஆன்டி இரண்டு மூன்று நாளாகவே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தாய் வீட்டுக்குப் போயிருக்கா. நாங்கதான் அனுப்பிச்சோம்." பிறகு அம்மாவின் குரல் கூடியது. "ஒங்க மருமக எதுவரைக்கும் படிச்சிருக்கு? எங்க மருமக ஃபார்ம் ஃபைவ்லா. கணக்குல ஏ-ஒன்னு. சர்டிபிகேட் இருக்கு."

நான் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பன்னிரண்டு நாளுக்கு முன் குற்றமாக இருந்தது இப்போது எப்படிப் பெருமையானது என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா யார் பக்கம் என்பதே சந்தேகமாகிவிட்டது. சமையலறை வாசலில் காப்பிக் குவளையுடன் அண்ணன் நின்றிருந்தார். அவரும் கேட்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் என்னிடம் பதின்மூன்று நாளில் முதல் முறையாகப் பேசினார். "கெளம்பு."

"எங்கண்ணே?"

"செந்தூலுக்கு. நீதான ஆரம்பிச்ச, நீயும் வா."

மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது மூன்று பேர் என்று அவர் நினைத்திருக்கிறார் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கோலாலம்பூருக்குப் பாதி வழி வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அவங்க நம்மள ஏமாத்துனாங்கதானே? நான் கண்டுபிடிச்சதுக்கு எம்மேல ஏன் கோவம்?"

"எனக்கு முன்னமே தெரியும்" என்றார்.

"என்னாது?"

"கல்யாணம் ஆகி ரெண்டாவது வாரமே தெரியும். பழம் சுத்தி வந்த பேப்பரை விரிச்சு, நின்னுக்கிட்டே படிப்பா. நான் உள்ள வந்தா மடிச்சிடுவா. வண்டி தொடைக்கணும்னு டிப்போலருந்து இங்கிலீஷ் பேப்பரா கொண்டாந்து போட்டது யாருன்னு நெனச்ச? எந்த வண்டி தினம் அம்புட்டு பேப்பர் கேக்கும்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது." அவர் கைவிரலில் இருந்த கருப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அவளா சொல்லுவான்னு இருந்தேன். சொல்லியிருப்பா. நீ நடுவுல பூந்துட்ட."

"அப்ப நீங்களும்தான் மறைச்சிருக்கீங்க" என்றேன். கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருமே எதையோ மறைக்கிறார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்தவள் நான் என்பது அந்தப் பட்டியலில் சேரவில்லை.

அண்ணியின் வீடு ஒரு பழைய மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அவருடைய அப்பா, பனியனோடு நின்றவர், மாப்பிள்ளையைக் கண்டதும் நடுங்கிப்போனார். சட்டையைத் தேடிக்கொண்டே, "மாப்பிள்ளை, தப்பு எம்மேலதான். பொய் வேணாம்னுதான் பொண்ணு சொல்லிச்சு. நான்தான்…" என்றார்.

"மாமா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார் அண்ணன்.

தண்ணீர் கொண்டு வந்தது அண்ணி. அண்ணன் முழுவதையும் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். பெரிய பேச்சு நடக்கும், அழுகை இருக்கும், யாராவது யார் காலிலாவது விழுவார்கள் என்று நான் தயாராக வந்திருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அண்ணி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு பையை எடுக்க உள்ளே போனார்.

நான் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "அண்ணி, அந்தப் பெட்டிய நான் தொறந்திருக்கக் கூடாது."

அவர் சேலையை மடிப்பதை நிறுத்தவில்லை. "ஆமா. தொறந்திருக்கக் கூடாது" என்றார்.

பரவாயில்லை என்று சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. மடித்த சேலையை என் கையில் கொடுத்து, "பைல வை" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. நான் சன்னலோரம், அண்ணி நடுவில், அண்ணன் ஓரத்தில். கோலாலம்பூரைத் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை என்று முடிவு செய்தேன். அப்போது அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பாவாடைக் கணக்கு என்னாச்சு?"

"போர்டுல போட்டேன் அண்ணி. டீச்சர் சரின்னுட்டாங்க."

"ஏன் (1,0) எடுத்த?"

நான் சொன்னேன். கோட்டின் மேல் நிற்கும் புள்ளி எந்தப் பக்கத்துக்கும் உதவாது என்றேன். அவர் ஒரு டீச்சரைப் போலத் தலையாட்டிக் கேட்டார்.

"அது என்னா (1,0)?" என்றார் அண்ணன். என்னைக் கேட்கவில்லை. அண்ணியைக் கேட்டார்.

அண்ணி தயங்கினார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் டிப்போ துண்டுச் சீட்டு ஒன்றையும் எடுத்து அவர் மடியில் வைத்தார். அண்ணி கைப்பையைப் பலகையாக்கி, குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு இழுத்து, தையல்காரரிலிருந்து ஆரம்பித்தார். முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. பஸ் ஆட்டத்தில் கோடு கோணலாகப் போனது. முழுவதும் சொல்லி முடித்தார்.

"வெளங்கல" என்றார் அண்ணன். "திரும்பச் சொல்லு."

பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலைகள் தாண்டிப் போயின. அண்ணி திரும்பச் சொன்னார். இப்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "சரி, (0,0) வெச்சா என்னா தப்பு?" என்றார் அண்ணன். அண்ணி மறுபடி விளக்கினார். துணிக்கு ஒரு கோடு, நேரத்துக்கு ஒரு கோடு என்று விரல் வைத்துக் காட்டினார். "அப்ப இந்தப் பக்கம் எதுக்கு வேணாம்?" என்று பஸ் பத்து தீகா ஊரைத் தாண்டும்போது அண்ணன் கேட்டார். முன் சீட்டில் இருந்த மலாய்க்காரப் பாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தன தடவ சொல்றது உங்களுக்கு?" என்று அண்ணன் தோளில் பேனாவால் தட்டினார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற மனிதருக்கு மூன்று கோடு புரியாதா? மூன்றாம் படிவத்தில் இவர் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். "அண்ணே, பன்னெண்டு, பதினாறு. அதான் விடை. முடிஞ்சிருச்சு" என்றேன்.

"நீ சும்மா இருலா" என்றார் அண்ணன். "ஒங்க அண்ணி சொல்லட்டும்."

கிள்ளான் வரும் வரை அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். முதல் தடவையிலேயே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.